ஓடும் ஆட்டோமேட்டிக் காரில் ரிவர்ஸ் போட்டுவிட்டால்: அந்த நொடியிலிருந்து ஒர்க்‌ஷாப் வரை

இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வருபவர் பெரும்பாலும் இப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, நெஞ்சு படபடக்கப் படிப்பவராக இருப்பார். அதனால் அவருக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரில் கியர் மாற்றுவதைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது என்றால், நல்ல வேகத்தில் போகும்போது லீவர் ரிவர்ஸுக்குப் போயிருந்தாலும் உள்ளே ரிவர்ஸ் கியர் விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆட்டோமேட்டிக்குகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். கியர்பாக்ஸ் நொறுங்கிவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நீண்ட இறக்கம். கியரைக் குறைத்து என்ஜின் பிடிப்பில் இறங்கலாம் என்று லீவரை முன்னால் தட்டினேன். மேனுவல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுத் தட்டியிருக்க வேண்டும். டிரைவ் வரிசையிலேயே தட்டிவிட்டேன், அதுவும் பொத்தானை அழுத்திக்கொண்டு. பீப் சத்தம் கேட்டது, என்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி மட்டும் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிரேக் போய்விட்டது என்றே நினைத்தேன். உண்மையில் கார் என் தப்பைக் கண்டுபிடித்து நியூட்ரலுக்குப் போயிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் நேரம் ஆனது.

அந்தச் சில நொடிகளில்

முதல் படி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. கியர் விழாமல் நியூட்ரல் மாதிரி ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறும். அலறிக்கொண்டிருக்கும் என்ஜினோடு லீவரை டிரைவுக்கு இழுத்தால், உள்ளே உள்ள கிளட்ச் பிளேட்டுகள் அந்த வேக வித்தியாசம் முழுவதையும் தேய்ந்து தேய்ந்து விழுங்க வேண்டியிருக்கும். தவறுதலாகப் போட்ட ரிவர்ஸை விட, பதற்றத்தில் செய்யும் இந்த இரண்டாவது தப்புதான் பல நேரம் கியர்பாக்ஸுக்கு அடி கொடுக்கும்.

இரண்டாம் படி, லீவரை ரிவர்ஸிலிருந்து வெளியே கொண்டுவருவது. "ஒன்றும் ஆகவில்லையே, நின்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸ் கோரிக்கையைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுப்பது வேகம் அதிகமாக இருக்கும் வரைதான். வேகம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கும்போது லீவர் இன்னும் ரிவர்ஸிலேயே இருந்தால், அந்தக் கணத்தில் கியர் நிஜமாகவே விழுந்துவிடும். நீங்கள் மெதுவாக ஓரங்கட்டுகிறீர்கள், திடீரென்று வண்டி குலுங்கிப் பின்னால் இழுக்கிறது. பின்னால் வருபவருக்கும் அது தெரியாது.

நேர்வரிசை லீவர் என்றால் பொத்தானைத் தொடாமல் பின்பக்கம் ஒரு தட்டு, நியூட்ரல் வந்துவிடும். கை கொஞ்சம் அதிகமாக இழுத்து டிரைவுக்கே போய்விட்டாலும், கால் ஆக்சிலரேட்டரில் இல்லாதவரை, பாதகமில்லை. தட்டினால் தானே நடுவுக்குத் திரும்பும் ஜாய்ஸ்டிக் வகையில் நியூட்ரல் பக்கம் ஒரு நொடி பிடித்திருக்க வேண்டியிருக்கலாம். பொத்தான் வகையில் நியூட்ரல் பொத்தான். எதுவானாலும் டாஷ்போர்டில் எந்த எழுத்து எரிகிறது என்று ஒரு பார்வை. லீவர் இருக்கும் இடத்தை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படிக்கு வருவோம். கண் சாலைக்கு, கை ஸ்டியரிங்குக்கு. பின்னால் வண்டி நெருக்கமாக வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். உங்கள் ரிவர்ஸ் விளக்கு அந்த நேரத்தில் எரிந்திருக்கலாம். எண்பதில் போகும் காரில் வெள்ளை விளக்கு எரிவதைப் பார்த்தால் பின்னால் வருபவர் குழம்பித்தான் போவார். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். சாலை வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்க இடமில்லை என்றால், என்ஜின் சத்தம் அடங்கிய பின் டிரைவுக்கு மாற்றி, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, இடம் கிடைக்கும் வரை போகலாம். இடம் இருந்தால் நியூட்ரலிலேயே பிரேக் போட்டு ஓரங்கட்டுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. என்ஜினை அணைக்காதீர்கள், பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் சேர்ந்து போகும், சாவி வகைக் காரில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கைச் சட்டென்று இழுக்காதீர்கள். முக்கியமாக, நிறுத்தும் அவசரத்தில் பார்க்குக்குத் தள்ளாதீர்கள். பார்க் என்பது ஒரு சின்ன இரும்புக் கொக்கி. பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியைப் பூட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஓடும் வண்டியில் போட்டால் பற்களின் மேல் கடகடவென்று துள்ளும், வேகம் குறைந்ததும் டக்கென்று விழுந்து அடிவாங்கும்.

நிஜமாகவே கியர் விழுந்துவிட்டால்

இது இரண்டு சூழலில் நடக்கும். ஒன்று, வண்டி ஊர்ந்துகொண்டிருந்திருக்கும். ரிவர்ஸுக்கு அனுமதி கொடுக்கும் வேக வரம்பு காருக்குக் கார் மாறினாலும் பொதுவாகப் பத்து கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். டெஸ்லா மாடல் 3 கையேடு அதை மணிக்கு 8 கிலோமீட்டர் என்று சொல்கிறது. இன்னொன்று, கம்ப்யூட்டர் இல்லாமல் ஆயில் அழுத்தத்தாலேயே கியர் மாறும் பழைய கார். அவற்றிலும் சிலவற்றில் ரிவர்ஸைத் தடுக்கும் வால்வு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

தடுப்பு இல்லாத காரில் வேகத்தில் விழுந்தால் ஓட்டும் சக்கரங்கள் திடீரென்று இறுகும். முன்சக்கர இழுவை என்றால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பின்சக்கர இழுவை என்றால் வால்பக்கம் வீசும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உடனே நியூட்ரல். சக்கரம் உருளத் தொடங்கியதும் பிடிப்பு திரும்பி வரும்.

பல நேரம் என்ஜினே நின்றுபோகும். பயமாக இருந்தாலும் கியர்பாக்ஸுக்கு அது நல்லதுதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். அந்த ஆயிலைத் தள்ளும் பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜின் நின்றால் அழுத்தம் போகும், கிளட்ச் தளரும், வண்டி தானாகவே நியூட்ரல் மாதிரி ஆகிவிடும். (ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.) அப்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும், இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புங்கள். பிரேக் உதவி இரண்டு மூன்று மிதிக்கு மிச்சம் இருக்கும். அதனால் விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல் ஒரே அழுத்தாக, நிற்கும் வரை அழுத்திப் பிடியுங்கள்.

நின்ற பிறகு

பார்க் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நடுக்கத்தோடு சோதனை செய்தால் மறுபடியும் தப்பான இடத்தில்தான் தள்ளுவீர்கள்.

அப்புறம் டாஷ்போர்டைப் பாருங்கள். என்ஜின் விளக்கோ கியர் படம் போட்ட எச்சரிக்கையோ எரிகிறதா? ஒருமுறை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குழம்பிய கம்ப்யூட்டர் பல நேரம் இதிலேயே தெளிந்துவிடும். தெளியாமல் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஓடினால், அது கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் போயிருக்கும் அவசர நிலை. மெதுவாக அருகிலிருக்கும் ஒர்க்‌ஷாப் வரை போகலாம், நெடுந்தூரம் வேண்டாம்.

வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டலாம், அதை விடுங்கள். சிவப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பாகச் சொட்டினால் அது கியர் ஆயில். அங்கிருந்து நகர்த்தாமல் வண்டியை ஏற்றிப்போகச் சொல்லுங்கள். கட்டி இழுக்க விடாதீர்கள். ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்தால், பம்ப் ஓடாத கியர்பாக்ஸ் உள்ளே காய்ந்து தேயும்.

கசிவு இல்லை, விளக்கும் இல்லை என்றால் நின்ற இடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். முன்னும் பின்னும் இடம் இருக்கட்டும், பிரேக் முழுதாக அழுத்தியிருக்கட்டும். நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் போட்டு மனதுக்குள் எண்ணுங்கள். சுமார் ஒரு நொடிக்குள் லேசான ஓர் அசைவு தெரிய வேண்டும். மறுபடி நியூட்ரல், பிறகு டிரைவ்; அதே மாதிரி அசைவு. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் விழுகிறது, அல்லது மடார் என்று இடிக்கிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். முன்னால் பானெட்டுக்குள் இடித்தால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். கியர்பாக்ஸைத் தேடிப் போய்க் கடைசியில் மவுண்ட் மாற்றிக்கொண்டு வருவது நடக்கிற கதைதான்.

லீவரும் டாஷ்போர்டும் ஒரே எழுத்தைக் காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். பலமாகத் தள்ளியதில் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளோ அதன் புஷ்ஷோ இடம் மாறியிருக்கலாம். பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஆவது, டிரைவில் இருக்கும்போது ரிவர்ஸ் விளக்கு எரிவது, இதெல்லாம் அதன் அடையாளம். செலவு சின்னது, ஆனால் அலட்சியம் செய்தால் பார்க் போட்டதாக நினைத்து இறங்கிய வண்டி உருண்டு போகும்.

எல்லாம் சரி என்றால் காலியான சாலையில் இருபது, நாற்பது, அறுபது என்று மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கியரும் வழக்கம்போல விழ வேண்டும். என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, அங்கேயே நிறுத்துங்கள். இந்த இடத்தில் யாராவது, "பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பார்" என்று யோசனை சொல்வார்கள். அது மெக்கானிக் சில நொடி மட்டும் செய்யும் சோதனை, ஆயில் கொதித்துவிடும். நாம் செய்ய வேண்டாம்.

உள்ளே என்னதான் நடந்தது

மேனுவல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் கூடுதலாக இருக்கும். அங்கே ஓடும்போது ரிவர்ஸ் போட முயன்றால் பல் அரைபடும் சத்தம் காதைப் பிளக்கும் அல்லவா? டார்க் கன்வர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அப்படி மோதிக்கொள்ளும் பற்களே கிடையாது. பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கியர் மாறுகிறது. பிடித்து நிறுத்தும் வேலை கிளட்ச் பிளேட்டுகளுடையது. அதனால் தப்பாகக் கியர் விழுந்தால் முதலில் அடிபடுவது பல் அல்ல, அந்தப் பிளேட்டுகளின் மேல்பூச்சு. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாக இணைப்புக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டர் அதிர்ச்சியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும்.

புதிய கார்களில் லீவர் என்பது உத்தரவு இல்லை, விண்ணப்பம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேகம் அதிகமாக இருந்தால் ரிவர்ஸ் கிளட்சுக்கு ஆயில் போகும் வழியைத் திறக்காது. சிவிடி வகையிலும் (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் வேக விகிதத்தை மாற்றுவது) முன்னோக்கு, பின்னோக்கு என்று தனித்தனிக் கிளட்ச் உண்டு, கதை ஏறத்தாழ இதேதான். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸை மோட்டார் கை இயக்குவது. வண்டி ஓடும்போது அந்தக் கை ரிவர்ஸ் பக்கம் போகாது. மின்சாரக் காரில் ரிவர்ஸ் என்ற கியரே கிடையாது, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். எல்லாம் மென்பொருள் கையில்.

அடுத்த சில வாரங்கள்

சோதனையில் தேறிய வண்டியை உடனே பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் காதையும் மூக்கையும் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல்முறை ரிவர்ஸ் போடும்போது தாமதமாகிறதா, வேகம் ஏறும்போது உடம்பு நடுங்குகிற மாதிரி ஓர் அதிர்வு வருகிறதா, திருப்பும்போது முன்சக்கரப் பக்கம் டக் டக் என்று கேட்கிறதா? கடைசியாகச் சொன்னது ஆக்ஸில் ஜாயிண்ட் அடிபட்டதைக் காட்டும்.

கியர் ஆயில் நிறைய கதை சொல்லும். வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. வயதானால் பழுப்பாகும், அதில் தப்பில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. அளவுகோல் குச்சி இருக்கும் கார் என்றால் கையேட்டில் சொன்னபடி நீங்களே பார்க்கலாம். பல புதிய கார்களில் குச்சியே இல்லை. வண்டியைத் தூக்கி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடி மரையைத் திறந்து பார்க்க வேண்டும். சிவிடிக்குத் தனி ஆயில். அவசரத்துக்கு எது கிடைக்கிறதோ அதை ஊற்றுகிற வேலை இதில் ஆகாது.

எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால், கார் கம்ப்யூட்டரில் பதிவான பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்லி, அழிப்பதற்கு முன் அந்த எண்ணைக் குறித்து வாங்குங்கள். பி0700 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வது. உள்ளே இன்னொரு எண் இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள். பி0705 லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் பற்றியது. பி0730 கொஞ்சம் கவலைக்குரியது: கம்ப்யூட்டர் கேட்ட கியரும் உள்ளே சுற்றும் வேகமும் பொருந்தவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது.

மெக்கானிக்கிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு, "தானாகவே இப்படி ஆகிவிட்டது" என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவார், கூலி உங்களுடையது. எந்த வேகத்தில் போனீர்கள், எத்தனை நொடி ரிவர்ஸில் இருந்தது, என்ஜின் நின்றதா, ஆக்சிலரேட்டரில் கால் இருந்ததா: இந்த நான்கும் போதும்.

கை ஏன் அங்கே போகிறது

முதல் ஆட்டோமேட்டிக்குகளில் இந்தத் தப்பு இன்னும் எளிதாக நடந்திருக்கும். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக்கில் ரிவர்ஸ் வரிசையின் கடைசியில், லோ கியருக்குப் பக்கத்திலேயே இருந்தது. பார்க் என்ற நிலையே அதில் இல்லை. என்ஜினை அணைத்து ரிவர்ஸில் விட்டுப் போவதுதான் பூட்டு. பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு விதி, முன்னோக்கு நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வரிசையை ஒழுங்குபடுத்தியது. இன்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற வரிசை அந்த வழியில் வந்தது.

அந்த ஒழுங்கை இன்றைய ஜாய்ஸ்டிக்கும் திருகு குமிழும் மறுபடி கலைத்துப்போட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். லீவர் எப்போதும் நடுவுக்கே திரும்பினால் கைக்கு ஞாபகம் எங்கே தங்கும்? 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் இத்தகைய லீவர் வைத்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. பார்க்கில் இருக்கிறது என்று நம்பி ஓட்டுநர்கள் இறங்க, வண்டி உருண்டதுதான் காரணம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைப்பர் தண்டு மாதிரியே கியர் தண்டு இருக்கும் கார்களும் உண்டு. மழை வந்ததும் பழைய பழக்கத்தில் தட்டினால் வைப்பர் ஓடாது, நியூட்ரல் விழும்.

பழக்கத்தை மாற்ற ஒரே ஒரு காரியம் எனக்குப் பலன் கொடுத்தது. நேர்வரிசை லீவரில் ஓடும்போது கட்டைவிரல் பொத்தான் பக்கமே போகக் கூடாது. டிரைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாற்றப் பொத்தான் வேண்டாம். நியூட்ரலைத் தாண்டி ரிவர்ஸுக்குப் போகத்தான் அது வேண்டும். பொத்தானைத் தொடாமல் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் லீவர் நியூட்ரலில் முட்டி நின்றுவிடும். ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்வது போன்ற நிஜ அவசரத்திலும் இதுவே உயிர் காக்கும் அசைவு. நிறுத்திய வண்டியில், என்ஜினை அணைத்து, சாவி மட்டும் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு பத்து முறை செய்து பாருங்கள். கை படித்துக்கொள்ளும்.

இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு வேண்டும் என்றால் ஸ்டியரிங்கில் உள்ள துடுப்பை (விரலால் இழுத்துக் கியரைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) பயன்படுத்துங்கள். அது இல்லாத காரில், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே லீவரை மேனுவல் பக்கம் சாய்த்துவிடுங்கள். சிக்னலில் ஒவ்வொரு முறையும் நியூட்ரல் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். லீவரைத் தொடும் தடவை குறைந்தால் தவறும் தடவையும் குறையும். இருக்கைக்கு நடுவே தொங்கும் சார்ஜர் ஒயரும், முன்னால் எட்டிப்பார்க்கும் குழந்தையின் கையும் தனிக் கவனத்துக்குரியவை.

கியர்பாக்ஸை உண்மையில் தின்பது

வேகத்தில் கை தவறியதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும் கியர்பாக்ஸ் தேய்மானம் வேறு வழியில் உருவாகிறது. வண்டியை நிறுத்த இடம் தேடுகிறோம், கொஞ்சம் முன்னால் போகிறோம், வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் தட்டுகிறோம். பின்னால் வந்து, நிற்பதற்குள் டிரைவ். இந்த வேகத்தில் கம்ப்யூட்டர் தடுக்காது, ஏனென்றால் இது அதன் வரம்புக்குள். ஒன்றரை டன் வண்டியின் உருளலை நிறுத்தும் வேலை பிரேக்கிடமிருந்து கிளட்ச் பிளேட்டுகளுக்குப் போகிறது. பிரேக் பேடு தேய்ந்தால் அரை மணி நேரத்தில் மாற்றலாம். இந்தப் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

ஆகவே கடைசிப் படி இது, தினமும் செய்ய வேண்டியது. பிரேக்கில் வண்டியை முழுதாக நிறுத்துங்கள். லீவரை மாற்றி, டாஷ்போர்டில் எழுத்தைப் பாருங்கள். கியர் விழும் அந்தச் சின்ன அசைவு உடம்பில் தெரியும் வரை காலை எடுக்காதீர்கள். தெரிந்த பிறகு பிரேக்கை விடுங்கள்.